நூறு சதவீத வருகை

அவளுடைய மகன் இறந்த பிறகுதான் கல்லூரிக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினான்.

உயிரோடு இருந்தவரை அவன் படிப்பில் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வேறெங்கும் இடம் கிடைக்காமல், இடம் காலியாகக் கிடந்த ஒரே பிரிவான உலக வரலாற்றில் போய்ச் சேர்ந்தான். குழந்தைகள் செருப்புக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு அன்றாடம் சாயங்காலம் கல்லூரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். 'உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை. கவனிக்கவும்.' அவள் வீட்டுக்குப் போய்க் கத்துவாள். அவன், "வந்தேன்மா, லேட்டா வந்தா போட மாட்டாங்க" என்பான். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு மழைநாளில், நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவன் வளைவில் வழுக்கி விழுந்தான். ஓட்டியவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவனுக்கு வெளியே ஒரு காயம்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போய், வீடு வெறிச்சோடி, அவளும் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கிய முதல் நாள். முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணின் காலை மடியில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

'உங்கள் மகன் இன்று எல்லா வகுப்புகளுக்கும் வந்திருந்தார். பாராட்டுகள்.'

அவள் இடது காலுக்கான ஷூவை வலது காலில் மாட்டிவிட்டு, அழுந்துகிறதா என்று கேட்டாள். குழந்தை அழுந்துகிறது என்றது.

மறுநாளும் செய்தி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. முதலில் அழுதாள். பிறகு எவனோ விளையாடுகிறான் என்று ஆத்திரப்பட்டாள். அப்புறம், சாயங்காலம் ஆனால் கை தானாகவே ஏப்ரன் பையைத் தடவ ஆரம்பித்தது. போனைப் பார்த்து அவள் லேசாகச் சிரிப்பதை ஒரு நாள் கணவன் பார்த்துவிட்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவன். போனை வாங்கிப் படித்தவன், "இத நிறுத்தச் சொல்லணும். நாளைக்கு நான் போறேன்" என்றான்.

"நீங்க வேணாம். நான் போறேன்" என்றாள். அவன் போனால் கை வைத்துவிடுவான் என்று பயம்.

கல்லூரி அலுவலக எழுத்தர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், விஷயத்தைக் கேட்டு உச்சுக் கொட்டினார். பிறகு கணினியைத் திறந்து வெகுநேரம் தட்டினார்.

"ஒரு சின்னச் சிக்கல்மா. ஒரு ஸ்டூடண்ட எடுக்கணும்னா காரணம் கேக்குது. நாலு காரணம்தான் இருக்கு. இடமாற்றம், இடைநிற்றல், ஒழுங்கு நடவடிக்கை, திருமணம். செத்துட்டாங்கங்கறது இதுல இல்ல."

"அப்ப என்ன பண்றது?"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போட்டுடறேன். ஒழுங்கு நடவடிக்கை மட்டும் வேணாம், பையன் பேரு கெட்டுடும். திருமணம்னு போட்டா கௌரவமா இருக்கும்."

எழுத்தர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் துறைத்தலைவரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று மாடிக்கு அனுப்பிவைத்தார்.

துறைத்தலைவர் அறைச் சுவரில் ஒரு பெரிய உலகப்படம் தொங்கியது. இப்போது இல்லாத சில நாடுகள் அதில் இருந்தன. இப்போது இருக்கும் சில நாடுகள் அதில் இல்லை. அதற்கு நேர்கீழே அவர் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்கம்மா. கேள்விப்பட்டேன். மனசே ஆறல. நல்ல பையன். கொஞ்சம் உயரமா இருப்பான்ல?"

"இல்ல சார், குள்ளம்."

"ஆமா ஆமா, குள்ளம். நல்ல பையன்."

கொஞ்ச நேரம் மரியாதைக்காக மௌனமாக இருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ஒரு வகுப்புல குறைஞ்சபட்சம் இத்தனை பேர் இருந்தாதான் துறையே இருக்கலாம்னு விதி. உங்க பையனையும் சேர்த்து எங்களுக்குக் கச்சிதமா அத்தனை பேர். இப்ப ஆய்வுக்குழு வேற வரப்போகுது. ஒரு ஆள் குறைஞ்சாலும் எங்கள ஹோட்டல் நிர்வாகத்தோட சேர்த்துடுவாங்க. தத்துவத்துறைய அப்படித்தான் சேர்த்தாங்க. அந்தப் பேராசிரியர் இப்ப கைத்துண்ட அன்னம் மாதிரி மடிக்கிறது எப்படின்னு சொல்லிக்குடுத்துட்டு இருக்கார்."

அவள் அவர் தலைக்கு மேலிருந்த உலகப்படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"யோசிச்சுப் பாருங்க. கிரேக்கம், ரோமாபுரி, மறுமலர்ச்சி, பிரெஞ்சுப் புரட்சி, ரெண்டு உலகப் போர்... அத்தனையும் இன்னைக்கு உங்க பையன் தலைமேலதான் நிக்குது."

வீட்டில் அவனை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரே பொறுப்பு தண்ணீர் கேன் நிரப்புவது. அதையும் பாதி நாள் மறந்துவிடுவான். அவன் தலையில் இவ்வளவு பாரம் இருந்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"செத்தவன் எப்படி சார் வகுப்புக்கு வர முடியும்?"

"எங்க துறைக்கு அதுல கூச்சமே கிடையாதும்மா" என்றார் துறைத்தலைவர் கனிவாக. "நாங்க சம்பளம் வாங்குறதே செத்தவங்கள வச்சுத்தான்."

அவள் எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி, "அவன் எங்க உட்காருவான் சார்?" என்று கேட்டாள்.

அது அவருக்குத் தெரியாது. கையெழுத்து வாங்க வெளியே காத்திருந்த ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு அந்தப் பையனோட இடத்தக் காட்டும்மா" என்றார். அந்தப் பெண்ணைச் சுருட்டை என்று கூப்பிடுவார்களாம். தலைமுடி அப்படி.

மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். மரத்தில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு மீனைச் செதுக்கியிருந்தார்கள். அவன் வேலைதானா என்று கேட்க நினைத்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. எழுந்து போவதற்குள் மணியடித்து, விரிவுரையாளர் உள்ளே வந்துவிட்டார்.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பாயிண்ட். எதைச் சொன்னாலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத்தான் சொல்வார். தற்காலிக வேலை, வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். அதனால் துறைத்தலைவர் எதைச் சொன்னாலும் செய்வார். வருகைப் பதிவை எடுத்து எண்களை வாசித்தார். அவளுடைய மகனின் எண் வந்ததும் நிறுத்திவிட்டு, தலையைத் தூக்காமல், "இவனுக்கு இன்னைக்கு யாருப்பா?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல், "யெஸ் சார்" என்றது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சுருட்டை தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "முறை வச்சிருக்கோம் ஆன்ட்டி. ஒரு நாளைக்கு ஒருத்தர் அவனுக்காகச் சொல்லணும். துறைத்தலைவர் ஆர்டர். அவன் இருந்தப்ப நாங்க புராக்ஸி குடுத்தா பாயிண்ட் சார் கண்டுபிடிச்சு வெளிய அனுப்பிடுவார். இப்ப சொல்லலேன்னாதான் திட்டுறார்."

"நீயும் சொல்லுவியா?"

"எனக்கு வர மாட்டேங்குது ஆன்ட்டி. தொண்டைய அடைக்குது. போன தடவ 'தெளிவா சொல்லு'ன்னு மூணு முறை சொல்ல வச்சார்."

அன்றைய பாடம் ஐரோப்பாவில் பரவிய பெரும் பிளேக். பாயிண்ட் நின்றபடியே சொல்லச்சொல்ல எல்லோரும் எழுதினார்கள்.

"விளைவுகள். தீமைகள், ஒன்று: ஏராளமானோர் இறந்தனர். அவ்வளவுதான். அடுத்து நன்மைகள். ஒன்று: ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது. இரண்டு: இருப்பவர்களுக்கு நிலம் மிஞ்சியது. மூன்று: பண்ணையடிமை முறை தளர்ந்தது."

அவளையறியாமல் கை உயர்ந்தது. "இத நன்மைன்னா சார் எழுதணும்?"

பாயிண்ட் அவளை அப்போதுதான் கவனித்தார். யாரென்று புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த சாக்பீஸை உருட்டினார். "நன்மை மூணும் எழுதினாதான்மா முழு மார்க். தீமை ஒண்ணு போதும்."

அதன் பிறகு கடைக்கு விடுமுறை வரும் நாளிலெல்லாம் அவள் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தலை ஒன்று கூடுதலாகத் தெரிவதில் துறைக்கும் சந்தோஷம்தான். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மகனின் பாடப்புத்தகத்தைப் படித்தாள். அவன் அடிக்கோடிட்டிருப்பான் என்று எதிர்பார்த்துப் பக்கம் பக்கமாகத் தேடினாள். ஒரு கோடுகூட இல்லை. புத்தகம் புதுசாகவே இருந்தது.

"வகுப்புல அவன் எப்படி இருப்பான்?" என்று ஒரு நாள் சுருட்டையைக் கேட்டாள்.

அந்தப் பெண் தயங்கினாள். "ரொம்ப நல்லா படிப்பான் ஆன்ட்டி."

"பொய் சொல்லாதம்மா."

"தூங்குவான் ஆன்ட்டி. வாயத் திறந்துட்டு. ஒரு தடவ குறட்டையே விட்டுட்டான். பாயிண்ட் சார் ஏதோ வண்டின்னு நெனச்சு ஜன்னலச் சாத்தச் சொன்னார்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வீட்லயும் அப்படித்தான். அவங்கப்பா போய் மூக்கப் பிடிப்பாரு" என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவன் போன பிறகு அவனைப் பற்றி அவள் கேட்ட ஒரே உண்மையான செய்தி அது.

ஆய்வுக்கு முந்தைய வாரம் துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"குழு தலையத்தான் எண்ணும், முகத்தப் பாக்காது. அன்னைக்கு நீங்க வந்து அவன் இடத்துல உட்கார்ந்து, அவன் நம்பரக் கூப்பிட்டா 'யெஸ் சார்' சொல்லிட்டாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"பையன் இடத்துல நான் இருந்தா கேக்க மாட்டாங்களா?"

"வாழ்நாள் கல்வின்னு சொல்லிடலாம்மா. அந்த வார்த்தையச் சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்கறதில்ல."

அவள் சரி என்றாள். துறையைக் காப்பாற்ற அல்ல. பெயரை அடித்துவிட்டால் சாயங்காலச் செய்தி நின்றுபோகும்.

கண்ணாடி முன் நின்று 'யெஸ் சார், யெஸ் சார்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவன் உள்ளே வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"செத்த பிள்ளைய வச்சு தலைக்கணக்குக் காட்டுறாங்க. நீ அதுக்குப் போய் ஒத்திகை பாக்குற. உனக்கு என்ன பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான். உங்களுக்கென்ன. நீங்க பாட்டுக்குப் போறீங்க, வர்றீங்க, சாப்பிடுறீங்க, தூங்குறீங்க. பிள்ள போனது எனக்கு மட்டும்தான்."

அவன் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆய்வு நாளில் வகுப்பறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் இன்னும் காயாததால் யாரும் சாயக்கூடாது என்று உத்தரவு. குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு சிமென்ட் ஆலையை நடத்தி ஓய்வுபெற்றவர். அம்மையார் ஒருவர் மனமகிழ்ச்சி ஆலோசகர். மூன்றாமவர் பிஸ்கட் தட்டை விட்டுக் கண்ணெடுக்காததால் அவர் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை.

தலைவர் முதலில் பாடத்திட்டத்தைப் புரட்டினார். "வரலாறு ஏன் இவ்ளோ நீளமா இருக்கு?"

"நடந்தது அவ்ளோ சார்" என்றார் துறைத்தலைவர்.

"சுருக்கக் கூடாதா? போர் மட்டும் எத்தன தடவ வருது பாருங்க. எல்லாத்தையும் சேர்த்து 'போர்கள்'னு ஒரே பாடமா வச்சிட்டா பசங்களுக்குச் சுமை குறையும். யார் ஜெயிச்சாங்கன்னு ஒரு அட்டவண போட்டுட்டாப் போச்சு."

"தோத்தவங்களச் சேர்க்கவே வேணாம்" என்றார் அம்மையார். "அத படிக்கிறப்ப பசங்க முகம் வாடிடுது. நான் ஒரு கல்லூரில அடிமை வியாபாரம்னு இருந்த பாடத்த 'கடல்வழிப் போக்குவரத்து'ன்னு மாத்தச் சொன்னேன். மகிழ்ச்சிக் குறியீடு சட்டுனு ஏறிடுச்சு."

துறைத்தலைவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மாதிரி வகுப்பாகப் பாயிண்ட் பிளேக் பாடத்தை நடத்திக்காட்டினார். நன்மைகளை முதலில் சொன்னதற்காகத் தலைவர் பாராட்டினார். "பாருங்க, ஒரு பிளேக்லகூட நல்லது இருக்கு. எங்க ஆலையில ஆள் குறைப்பு செஞ்சப்ப இதத்தான் நானும் சொன்னேன்."

கடைசியாக, "எங்க, வருகையக் கூப்பிடுங்க. தலைய எண்ணிடலாம்" என்றார்.

எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. யெஸ் சார், யெஸ் சார் என்று வகுப்பு பதில் சொல்லிக்கொண்டே வந்தது. அவனுடைய எண் வந்தது. துறைத்தலைவர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். வாயில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது.

"அவன் இல்ல சார்" என்றாள். "செத்துட்டான்."

வெள்ளைச் சுண்ணாம்பின் வாடையைத் தவிர அறையில் வேறெதுவும் அசையவில்லை.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார். "ஆனா நேத்து வந்திருக்காரே?"

"நேத்தும் செத்துத்தான் சார் இருந்தான்."

முதலில் எழுந்து நின்றது சுருட்டை. பிறகு அந்தக் கட்டைக் குரல் பையன். பிறகு ஒவ்வொருவராக வகுப்பு முழுவதும். அதிகாரப்பூர்வமாக அவன் உயிரோடு இருந்ததால் அவனுக்காக ஓர் இரங்கல் கூட்டம்கூட அந்தக் கல்லூரியில் நடந்திருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அழ வாய்ப்பே தரப்படவில்லை. இப்போது யாரும் சொல்லாமலே நின்றார்கள். சிலர் விசும்பினார்கள். பாயிண்ட் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எதுவும் எழுதாமல் அப்படியே நின்றார்.

துறைத்தலைவர் வேர்த்து விறுவிறுத்துத் தலைவரின் காதில் விஷயத்தைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நான் இத தப்பாவே எடுத்துக்கல" என்றார். "யோசிச்சுப் பாருங்க. வருகை நூறு சதவீதம். இடைநிற்கற பேச்சே இல்ல. போராட்டம் கிடையாது, விடுதியில ரூம் கேக்கறது கிடையாது, சாப்பாடு சரியில்லங்கற புகார் கிடையாது. மத்த கல்லூரியெல்லாம் உயிரோட இருக்கறவன வச்சுகிட்டுத் திண்டாடுது. இத நம்ம அறிக்கையில முன்மாதிரின்னு எழுதப் போறேன்."

மூன்றாமவர் முதன்முறையாக வாய் திறந்தார். "ஒரு துறைக்கு இந்த மாதிரி எத்தன பேரச் சேர்க்கலாம்?"

"முயற்சி பண்றோம் சார்" என்றார் துறைத்தலைவர், கண் கலங்கி.

அம்மையார் அவளருகே வந்து தோளைத் தொட்டார். "நீங்க கொஞ்சம் நெகட்டிவா சொல்லிட்டீங்க மேடம். அடுத்த தடவ 'இல்ல'ன்னு சொல்லாதீங்க. 'வேற இடத்துல இருக்கான்'னு சொல்லுங்க."

அவள் சுருட்டையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, கீழே இறங்கி எழுத்தரிடம் போனாள்.

"அவன எடுத்துடுங்க சார்."

"என்ன காரணம்மா போடறது?"

"உங்களுக்கு எது சுலபமோ அத. எனக்கு மெசேஜ் மட்டும் வர வேணாம்."

எழுத்தர் ஏதோ ஒன்றை அழுத்தினார். எதை என்று அவள் பார்க்கவில்லை.

வாசலில் கணவன் நின்றிருந்தான், தோளில் கருவிப்பையோடு. "இந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் வேலை" என்றான். அந்தத் தெருவில் இரண்டு மாடிக்கு மேல் ஒரு கட்டடமும் கிடையாது.

பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார்கள். நடந்ததை அவள் சொன்னாள்.

"அவன் புக்க முழுசா படிச்சுட்டேங்க" என்றாள் பிறகு. "பிளேக்ல இத்தன பேர், போர்ல இத்தன பேர், பஞ்சத்துல இத்தன பேர்னு எல்லாம் போட்டிருக்கு. பெத்தவங்க அப்புறம் என்ன பண்ணாங்கன்னு மட்டும் எங்கயும் போடல."

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணிருப்பாங்க. வேலைக்குப் போயிருப்பாங்க. நான் போகல?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"போவேன். போய் ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட நிறுத்திடுவேன். உள்ள யாரும் வர முடியாதுல்ல. வெளிய கேட்டா ரிப்பேர்னு சொல்லிடலாம். கொஞ்ச நேரம் அழுதுட்டு, அப்புறம் கீழ எறக்குவேன்."

"எந்த பில்டிங்ல?"

"எல்லா பில்டிங்லயும்தான்."

அவள் அவன் மடியிலிருந்த கருவிப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல கனம். பஸ் வந்தது. கதவைத் திறந்து, அவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்து, மூடிக்கொண்டு போனது.